பார்க்காமல் எழுதிய ஒரு வரி

போன மாதம் ஒரு காலைப் பொழுதில் தொலைபேசி அடித்தது. பேசியவள் என் பழைய அலுவலகத்தில் இப்போது உதவிப் பொறியாளராக இருக்கும் பெண். நான் ஓய்வு பெற்றபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பாள்.

"மேடம், திண்டிவனம் சைட்ல ஓவர்சியரா இருந்த தேவகி மேடம் நீங்கதானே?"

"இருந்தேன்மா. அதுக்கு இப்ப என்ன?"

திண்டிவனத்திலிருந்து வானூர் போகும் வழியில் நாங்கள் எண்பதுகளில் கட்டிய நாற்பத்தெட்டு வீட்டுக் குடியிருப்புக்கு, மழைநீர் வடிகாலைப் புதிதாகத் திட்டமிடும் வேலை அவளுக்கு வந்திருக்கிறது. பழைய வரைபடத்தைத் தேடி எடுத்திருக்கிறாள். அதில் ஓரிடத்தில் சின்ன வட்டம் போட்டு, "இக்குழாயை எக்காரணம் கொண்டும் மூடக் கூடாது" என்று என் கையெழுத்தில் இருந்ததாம். கூடவே கட்டி வைத்திருந்த, நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்து எழுதும் லெவல் புத்தகத்தில் ஒரு வரி அடிக்கப்பட்டு, பக்கத்தில் "பார்க்காமல் எழுதியது" என்று எழுதி நான் கையொப்பம் போட்டிருக்கிறேனாம்.

"குழாய் சத்தம் போடுதுன்னு வீட்டுக்காரங்க கம்ப்ளைன்ட் பண்றாங்க மேடம். கான்கிரீட் போட்டு அடைச்சிடலாம்னு கான்ட்ராக்டர் சொல்றாரு. கூடாதுன்னா காரணத்த எழுதிக் குடுத்துடுங்க, ஃபைல்ல வச்சிடுறேன்."

இரண்டு வரியில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் வரிக்கு முந்தின வரி ஒன்று தேவைப்பட்டது, அதற்கு முந்தினது இன்னொன்று. அதனால் முழுசாகவே எழுதிவிடுகிறேன். ஃபைலில் இடம் இல்லாவிட்டால் அவள் பாடு.

எனக்கு ஊர் கோலியனூர். பெண்கள் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து, விழுப்புரம் அலுவலகத்தில் ஓவர்சியராகச் சேர்ந்தபோது அந்த அலுவலகத்திலேயே பெண் நான் ஒருத்தி. முதல் இரண்டு வருஷம் வரைபடம் பிரதி எடுக்கவும், சிமெண்ட் மூட்டை எண்ணவும்தான் விட்டார்கள். வெயிலில் நான் மயங்கி விழுந்துவிடுவேன் என்று எல்லோருக்கும் ஒரே கவலை. நான் ஒருநாளும் விழவில்லை. என்னிடம் இருந்த குறை வேறு. எதையும் இரண்டு தடவை பார்த்துவிட்டால் மூன்றாம் தடவை பார்க்க அலுப்பாக இருக்கும். அதை அப்போது நான் புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னை வெளிவேலைக்கு எடுத்தவர் அப்பாண்டைராஜன் சார். செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம், உதவிப் பொறியாளர். ஒல்லியாக, இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டையில் இருப்பார். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டார். எந்த ஊர்த் தண்ணீரானாலும் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து வடிகட்டித்தான் குடிப்பார். லெவல் புத்தகத்தைத் திறக்கும் முன் கை கழுவுவார். அந்தப் புத்தகத்தில் ரப்பர் வைத்து அழிப்பது அவரிடம் நடக்காது. தப்பானால் மேலே ஒரே கோடு, பக்கத்தில் சரியானது, கீழே கையொப்பம். அடித்ததும் படிக்கும்படி இருக்க வேண்டும். சத்தம் போட்டுத் திட்டி நான் கேட்டதே இல்லை. தப்பைக் கண்டால், "இத யாரு பார்த்தது?" என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்விக்கு அலுவலகமே நடுங்கும்.

குடியிருப்புக்காக எடுத்த அந்த மனை செம்மண் சரிவு. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுக்கொண்டிருந்த நிலம். சரிவின் கீழே எல்லைக் கல்லைத் தாண்டி முப்பது நாற்பது மண்சுவர் வீடுகள் கொண்ட ஒரு தெரு, எல்லாம் கூலி வேலை செய்கிறவர்களுடையது. மேலிடத்தில் போட்டுக் கொடுத்த திட்டப்படி மனை முழுவதன் மழைத்தண்ணீரையும் சிமெண்ட் கால்வாயில் பிடித்து, நேராகக் கீழே இறக்கி, எல்லையில் விட்டுவிட வேண்டியது.

சார் வரைபடத்தில் எல்லைக்கோட்டின் மேல் விரலை வைத்து, "இதுக்கப்புறம் தண்ணி எங்கம்மா போவும்?" என்றார்.

"எல்லைக்கு அப்புறம் நம்ம பொறுப்பு இல்ல சார்."

"தண்ணிக்கு நம்ம எல்லைக் கல்லு தெரியுமா? நேரா அந்தத் தெருவுல போயி நிக்கும். முதல்ல லெவல் எடு. மண்ணு எங்க சரியுது, எங்க தாழுது, எல்லாம் பார்த்துகினு அப்புறம் பேசலாம்."

அப்படித்தான் ஒரு வைகாசி வெயிலில் நான் லெவல் எடுக்கப் போனேன். அந்தக் காலத்து லெவல் கருவியின் தொலைநோக்கியில் எல்லாமே தலைகீழாகத் தெரியும். அளவுக் கோலைப் பிடித்து நிற்கிற ஆள் வானத்தில் தலை தொங்க நிற்பார், பனைமரம் மேலிருந்து கீழே வளரும். பழகிவிட்டால் கண் தானாகத் திருப்பிப் படித்துக்கொள்ளும். எனக்குக் கோல் பிடித்தவள் முனியம்மா. கீழ்த் தெருக்காரி, நாற்பது வயது இருக்கும், வாயே திறக்க மாட்டாள்.

பதினொரு மணி இருக்கும். ஒரு இலை அசையவில்லை. நான் கோலைத் தேடித் தொலைநோக்கியைத் திருப்பியபோது, தலைகீழ் நிலத்தில் ஒரு மஞ்சள் துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கண்ணை எடுத்துவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தேன். என் புடவைத் தலைப்பு அசையவில்லை, முனியம்மாவின் புடவை அசையவில்லை. அந்தத் துணி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

கிட்டே போனேன். மண்ணுக்குள்ளிருந்து இடுப்பு உயரத்துக்கு ஒரு மண்குழாய் நின்றது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வாயோரம் அந்தத் துணியைக் கட்டியிருந்தார்கள். குழாய்க்குள்ளிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. குளிர்ந்து, பழைய ஈர மண் வாசனையோடு, விடாமல், ஒரே சீராக வந்தது. வைகாசி உச்சி வெயிலில் எனக்கு முதுகு சில்லிட்டது.

"இது இன்னா முனியம்மா?"

அவள் கோலைக் கீழே வைத்துவிட்டு வந்து, உள்ளங்கையைக் குழாய் வாயின் மேல் வைத்தாள். ஒரு குழந்தையின் நெற்றியில் வைப்பது போல வைத்தாள்.

"எங்க வூட்டுக்காரரும் அவரு தம்பியும்மா. ரெண்டு பேரும் உள்ள கீறாங்க."

அவள் சொன்ன கதை இது. எட்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு கிணறு இருந்தது. தூர் வாருவதற்காக மத்தியான நேரத்தில் அவள் கணவர் உள்ளே இறங்கினார். இறங்கினவர் குரல் கொடுக்கவில்லை. தூக்கிவிட அவர் தம்பி இறங்கினார். அவரும் குரல் கொடுக்கவில்லை. கடைசித் தம்பி ஏழுமலை அன்றைக்குத் திண்டிவனம் சந்தைக்குப் போயிருந்ததால் பிழைத்தான். கொக்கி போட்டுத்தான் உடல்களை எடுத்தார்கள். பிறகு கிணற்று வாயைப் பலகைக் கற்களால் மூடி மேலே மண் போட்டார்கள். ஆனால் ஒரு கல்லில் துளை விட்டு இந்தக் குழாயை நட்டார்கள்.

"மூச்சு முட்டிச் செத்தவங்கம்மா. மூச்சுக்கு வழி வுடணும்னு ஊருல சொன்னாங்க. காலைல உள்ள இழுப்பாங்க, மத்தியானம் வெளிய வுடுவாங்க. தெனமும்தான். நீங்க வோணும்னா பாருங்க."

நான் பார்த்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனபோது துணியின் நுனி குழாய்க்குள் இழுபட்டுக் கிடந்தது. பத்து மணி வாக்கில் கொஞ்ச நேரம் சும்மா தொங்கியது. அப்புறம் மெதுவாக வெளியே வந்து ஆட ஆரம்பித்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

சாரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கை கழுவிவிட்டு லெவல் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைத் திறந்து கோடு போட்டார். நேரம், துணி, குறிப்பு என்று மூன்று கட்டம்.

"பேய்ன்னும் எழுதாத, சாமின்னும் எழுதாத. உள்ள இழுத்தா 'உள்', வெளிய ஊதினா 'வெளி'. டைம் போடு. ஒவ்வொரு தடவையும் கிட்டப் போயி, கையை வச்சிப் பார்த்து எழுதணும்."

தண்ணீர் வடிகட்டும் தன் வெள்ளைத் துணியில் பாதியைக் கிழித்து அந்தக் குழாயில் அவரே கட்டினார். முனியம்மாவின் மஞ்சள் துணியை அவிழ்க்கவில்லை.

நான் ஐந்து வாரம் எழுதினேன். விடிந்ததிலிருந்து பத்து மணி வரை உள். பத்திலிருந்து நாலு வரை வெளி. நாலுக்கு மேல் மறுபடி உள். ஒருநாளும் மாறவில்லை. சார் விழுப்புரத்தில் ஒரு கல்லூரி ஆசிரியரிடம் கேட்டுவிட்டு வந்தார். நம் தலைக்கு மேலே இருக்கிற காற்றுக்கு எடை உண்டாம். அந்த எடை தினமும் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்குமாம். ஏறும்போது காற்று நிலத்துக்குள் இறங்கும், இறங்கும்போது நிலத்துக்குள் இருக்கிற காற்று வெளியே வரும். அந்தப் பக்கத்து மண்ணுக்குக் கீழே பொத்தல் பொத்தலான மணற்பாறை. எத்தனையோ ஏக்கருக்குக் கீழே இருக்கிற காற்றெல்லாம் இந்த ஒரு வாய் வழியாகத்தான் போய் வருகிறது. உள்ளேயே கிடந்து வருகிற அந்தக் காற்றில் உயிர் இருக்காது. மத்தியானத்தில் இறங்கின இரண்டு பேரும் அதனால்தான் செத்தார்கள்.

எல்லாம் விளங்கிவிட்டது. அதன் பிறகும் அந்தக் குழாய்ப் பக்கம் தனியாகப் போக எனக்குப் பிடிக்கவில்லை. சாருக்கும் பிடிக்கவில்லை என்பது, அவர் அங்கே போகும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனதில் தெரிந்தது.

புரட்டாசியில் ஒரு சாயங்கால மழை. வீட்டு வேலைக்காக மனையின் புல்லையெல்லாம் சுரண்டி எடுத்திருந்தோம். அதுவரை மல்லாட்டைச் செடியும் வரப்பும் பிடித்து நிறுத்தியிருந்த தண்ணீர், சிவப்பாகச் சுழித்துக்கொண்டு ஒரே ஓட்டமாகக் கீழ்த் தெருவில் புகுந்தது. ஒரு வீட்டின் மண்சுவர் விழுந்தது. முனியம்மா வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர், வருஷத்துக்கு வைத்திருந்த கேப்பை மூட்டை நாசம். மறுநாள் நாங்கள் போனபோது தெருவே வாசலில் நின்றது. யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

சார் அன்றைக்கே மேலிடத்துக் கால்வாய்த் திட்டத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதி அனுப்பிவிட்டார். தண்ணீரை ஓடவிடாமல் நடக்கவைக்க வேண்டும் என்பது அவர் திட்டம். சரிவுக்குக் குறுக்கே ஆழமில்லாத புல் வாய்க்கால்கள், மண் படிவதற்கு இரண்டு குட்டை, அதைத் தாண்டி மணலும் ஜல்லியும் போட்ட ஒரு வடிகட்டிப் படுகை, கடைசியில் அந்தக் கிணறு. அந்தக் குழாய் வழியாக ஒரு டேங்கர் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். எங்கே போனது என்றே தெரியவில்லை. எவ்வளவு காற்று அடியில் போய்வருகிறதோ அவ்வளவு தண்ணீருக்கும் அங்கே இடம் இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். கிணற்றின் அடியில் பழைய வண்டல் களிமண்ணாக இறுகிக் கிடந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் அதை எடுத்தால்தான் பெருமழையை அது குடிக்கும். யாராவது உள்ளே இறங்க வேண்டும்.

ஏழுமலையே வந்து கேட்டான். அண்ணன்மார் செத்த பிறகு அவன் எந்தக் கிணற்றிலும் இறங்கினதில்லை என்று தெருவில் சொல்வார்கள்.

"எங்க தெருவுல வர்ற தண்ணி சார். நான் எறங்காம வேற எவன் எறங்குவான்? டைம் மட்டும் நீங்க சொல்லுங்க. நான் எறங்கறேன்."

முனியம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கப்பிக் கயிற்றை நான்தான் பிடிப்பேன், வேறு யாரும் பிடிக்கக் கூடாது என்றாள், அவ்வளவுதான்.

சார் முறையை வகுத்தார். முதலில் துணியைக் கைவைத்துப் பார்க்க வேண்டும். 'உள்' என்றால் மட்டும் ஒரு பலகைக் கல்லை நகர்த்த வேண்டும். அடுத்து அரிக்கேன் விளக்கை ஏற்றி அடிவரை இறக்கி, அணையாமல் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம்தான் ஆள் இறங்குவது, அதுவும் இடுப்பில் தனிக் கயிறு கட்டிக்கொண்டு. ஒன்பதரை மணிக்கு எந்த நிலையிலும் மேலே வந்துவிட வேண்டும். ஒவ்வொன்றையும் நேரம் போட்டு நான் எழுத வேண்டும். ஆறு நாள் இப்படியே போயிற்று. ஏழுமலை தினமும் ஏறி வந்ததும் முகம் துடைத்துக்கொண்டு, "ஒண்ணும் பேஜாரு இல்லம்மா" என்பான். ஒருநாள் மட்டும், அண்ணனுடைய மண்வெட்டி சேற்றில் கிடைத்ததென்று எடுத்து வந்தான். முனியம்மா அதை வாங்கித் தன் புடவையால் துடைத்துக் குழாயில் சாய்த்து வைத்தாள்.

ஏழாம் நாள் சார் விழுப்புரத்தில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டார். பொறுப்பு என்னுடையது. முதல் பேருந்தைப் பிடித்து நான் வந்து சேர்ந்தபோது தூறிக்கொண்டிருந்தது. காலையில் வானொலியில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று சொன்னார்கள். அதைக் கேட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டேன். அந்த வார்த்தையில் வேறு என்ன இருக்கிறது என்று என் மூளைக்கு எட்டவில்லை.

குழாய் இருபதடி தூரத்தில் இருந்தது. நான் தகரக் கொட்டகைக்குள் நின்றேன். நனைந்த வெள்ளைத் துணி குழாய் வாயோடு ஒட்டிக் கிடந்தது. கிட்டே போனால் புத்தகம் நனையும். ஐந்து வாரமும் ஆறு நாளும் ஏழு மணிக்கு எது நடந்ததோ அதுதான் இன்றும் நடக்கும். நின்ற இடத்திலிருந்தே எழுதினேன்: 7.00 - உள்.

கல்லை நகர்த்தினார்கள். விளக்கு இறங்கி எரிந்தது. ஏழுமலை இறங்கினான். கல் நகர்த்த வந்த இரண்டு ஆட்களும் செங்கல் வண்டியில் சுமை இறக்கப் போய்விட்டார்கள். மேலே நானும் முனியம்மாவும் மட்டும். இரண்டு கூடை வண்டல் மேலே வந்தது. மூன்றாவது கூடை வரத் தாமதமானது.

முனியம்மா கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கையைக் குழாயின் மேல் வைத்தாள். அவள் முகம் மாறியது.

"ஓவர்சியரம்மா. மூச்சு வெளிய வருது."

"இப்ப உள்ளதான் இழுக்கும் முனியம்மா. மணி ஏழரைதான் ஆவுது."

"வெளிய வருதும்மா! வந்து கையை வச்சிப் பாருங்க!"

போனேன். என் கையில் அந்தக் குளிர்ந்த காற்று பட்டது. மத்தியானத்துக் காற்று, அதே ஈர மண் வாசனையோடு. கடலில் எங்கேயோ தாழ்வு உருவாகி, விடிந்ததிலிருந்தே வானத்தின் எடை இறங்கிக்கொண்டிருந்தது. ராத்திரி இழுத்த நல்ல காற்று அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்ததால்தான் விளக்கு முதலில் எரிந்திருக்கிறது, அது தீர்ந்ததும் பாறைக்குள் கிடந்த காற்று வந்து நிறைந்துவிட்டது. இதெல்லாம் பிறகு யோசித்துக் கண்டது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் பார்க்கவில்லை.

குனிந்து பார்த்தேன். விளக்கு அணைந்திருந்தது.

"ஏழுமலை! ஏழுமலை!"

என் குரல்தான் திரும்பி வந்தது. முனியம்மா கத்தவில்லை. இடுப்புக் கயிற்றைக் கப்பியில் போட்டு இழுக்கத் தொடங்கிவிட்டாள். நானும் பின்னால் நின்று பிடித்தேன். ஏழுமலை ஆறடி ஆள், சேறு வேறு. நாங்கள் இரண்டு பெண்கள். முதல் இழுப்பில் கயிறு அசையவே இல்லை. இரண்டாவது இழுப்பிலும் இல்லை. என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. அவன் செத்துவிட்டான், நான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

மூன்றாவது இழுப்பில் கயிறு வந்தது.

அது வந்த விதத்தைப் பிறகு சொல்கிறேன். தலை விளிம்புக்கு வந்தபோது பாரம் முழுதாக இறங்கி எங்கள் இரண்டு பேரையும் மண்ணில் இழுத்துச் சாய்த்தது. என் கூச்சலைக் கேட்டு ஓடி வந்த ஆட்கள் அவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் போட்டார்கள். உதடு நீலமாக இருந்தது. யாரோ முதுகில் அடித்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் மழைத் தண்ணீர் வாயில் விழ, ஒரு பெரிய இரைச்சலோடு மூச்சை இழுத்தான்.

கண் திறந்ததும் அவன் தேடியது முனியம்மாவை.

"அண்ணி, நான் ஏறல அண்ணி."

"தெரியும்."

"கீழ இருந்து தாங்கினாங்க. நாலு கை."

முனியம்மா அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, முகத்தில் இருந்த சேற்றை வழித்தாள். "தெரியும்டா, சும்மா இரு" என்றாள். அழுதது நான்தான். கேவிக் கேவி, எல்லா ஆட்களுக்கும் எதிரில் அழுதேன்.

சார் மத்தியானம் வந்தார். ஏழுமலையைத் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத்தான் மனைக்கு வந்தார். கை கழுவினார். துணியில் துடைத்தார். புத்தகத்தைத் திறந்து 7.00 - உள் என்ற வரியில் விரலை வைத்தார்.

"இத யாரு பார்த்தது?"

"யாரும் பார்க்கல சார்."

பேனாவை நீட்டினார்.

"என்ன எழுதணும் சார்?"

"நடந்தத எழுது."

ஒரே கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் 'வெளி' என்று எழுதினேன். அவர் காத்திருந்தார். அதற்குக் கீழே "பார்க்காமல் எழுதியது" என்று எழுதிக் கையொப்பம் போட்டேன். அவர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, "தாழ்வு நிலை என்று அறிந்தும் வேலையை நிறுத்தச் சொல்லாமல் போனேன்" என்று எழுதித் தானும் கையொப்பம் போட்டார். அந்தப் பெண் அந்த இரண்டாவது கையொப்பத்தைப் பற்றி என்னிடம் சொல்லவில்லை. மை மங்கியிருக்கலாம்.

விஷயம் மேலே போனது. சாருக்கு மாற்றல், எனக்கு ஒரு வருஷம் மேஜை வேலை. அது நியாயம்தான். அந்த உத்தரவு வருமுன் வாய்க்கால், குட்டை, படுகை எல்லாவற்றையும் முடித்துவிட்டோம். இனி ஒரு ஆளும் இறங்கக் கூடாது என்று, மிச்ச வண்டலை மேலிருந்தே கொக்கிக் கூடையால் வாரினோம்.

ஏழுமலையைத் தூக்கின மூன்றாம் நாள் பகலில் புயல் மழை வந்து இறங்கியது. நானும் சாரும் கொட்டகையில் நின்றோம். கீழ்த் தெருக்காரர்கள் எல்லோரும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மேலே வந்து நின்றார்கள். வாய்க்கால் வாய்க்காலாகத் தண்ணீர் நடந்து வந்தது. குட்டையில் நின்று, மணலில் இறங்கி, கிணற்றில் விழுந்தது. விழ விழ, உள்ளேயிருந்த காற்றெல்லாம் அந்தக் குழாய் வழியாகப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. இரண்டு ஆள் சேர்ந்து, நிறுத்தாமல், அடிவயிற்றிலிருந்து மூச்சு விடுவது போல இருந்தது. மூன்று மணி நேரம் நிற்கவே இல்லை. முனியம்மா மழையில் நனைந்தபடி, சத்தம் ஓயும்வரை கையைக் குழாயிலிருந்து எடுக்கவில்லை. தெருவில் ஒரு வீட்டு வாசலிலும் தண்ணீர் ஏறவில்லை.

மூடக் கூடாது என்பதற்குப் பொறியியல் காரணம் இதுதான், பெண்ணே. காற்று வெளியே வந்தால்தான் தண்ணீர் உள்ளே போகும். குழாயை அடைத்தால் கிணறு குடிக்காது, தண்ணீர் கீழ்த் தெருவுக்குப் போகும். வீட்டுக்காரர்களுக்குச் சத்தம் தொந்தரவு என்றால், அது அவர்கள் வீட்டுத் தண்ணீர் இறங்குகிற சத்தம் என்று சொல். ஃபைலுக்கு இவ்வளவு போதும்.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. அதற்கு அந்தப் புத்தகத்தில் கட்டம் இல்லாததால் அன்று எழுதவில்லை. ஏழுமலையின் கால் சுவரில் இருந்த படிக்கற்களைத் தானாகத் தேடியிருக்கும் என்று சார் சொன்னார். படிக்கற்கள் மேலிருந்து பத்தடிக்குத்தான் இருந்தன, அதற்குக் கீழே வெறும் பாறை. இது அவருக்கும் தெரியும். கிணறு நாற்பதடி. முதல் இரண்டு இழுப்பில் அசையாத கயிறு மூன்றாவது இழுப்பில் வந்தபோது, அதில் எடை இல்லை. வெறும் வாளி வருவது போல விளிம்புவரை வந்தது. என் கைகளால் பிடித்திருந்தேன். முனியம்மா திரும்பி என்னைப் பார்த்தாள், நானும் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் தெரிந்தது.

நீ போய் முதலில் அந்தக் குழாயில் கையை வைத்துப் பார். அப்புறம் எதை வேண்டுமானாலும் எழுது. நான் இப்போது எழுதியிருக்கிற இந்தக் கடைசி வரிகளை மட்டும் அடிக்காதே. இவை பார்த்து எழுதியவை.